டூம் மேலே, மேட்லிப் கீழே: இதில் ‘சேர்ந்து’ எங்கே?

மார்ச் 2, காலை: கேள்வி

‘மேட்வில்லனி’ ஆல்பத்தை, ராப் பாடகரும் புரொட்யூசரும் சேர்ந்து செய்ததிலேயே உச்சம் என்று எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். மூன்று முறை கேட்டுவிட்டேன். மேட்லிப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு வெட்டி ஓடவிடுகிறார். எம்எஃப் டூம் அதன்மேல் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார். பல்லவி கிடையாது. பாட்டு சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒருவர் பீட் கொடுத்தார், இன்னொருவர் பேசிவிட்டுப் போனார், அவ்வளவுதான். இதில் ‘சேர்ந்து’ எங்கே இருக்கிறது?

மார்ச் 2, இரவு 11.40

அந்தத் தூக்கக் கலக்கம் என்ற சொல்லுக்காகவே பதில் எழுதுகிறேன். என் பிழைப்பு டப்பிங் ஸ்டூடியோவில். பதினேழு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கம் பேசுகிறவர்களின் குரலைப் பதிவு செய்கிறேன். தூக்கக் கலக்கத்தில் பேசுகிற குரலும், கலக்கம் போலக் கேட்கட்டும் என்று பேசுகிற குரலும் வேறு வேறு. முதல் வகையில் சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படும். டூம் ஒரு எழுத்தைக்கூட விழுங்குவதில்லை. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு சொல் தகராறு. புரொட்யூசர் என்றதும் நம்மூரில் செக் புத்தகத்தோடு வருகிறவர் நினைவுக்கு வருவார். ஹிப்-ஹாப்பில் பீட், அதாவது குரலுக்குப் பின்னால் ஓடும் இசை, செய்கிறவர்தான் புரொட்யூசர். இசையமைப்பாளர் என்று சொல்லலாம் என்றால் அவர் மெட்டுப் போடுவதில்லை, பாடகருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. அதனால் புரொட்யூசர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆல்பம் வந்தது 2004 மார்ச் 23. வெளியிட்டது லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம். 22 துண்டுகள், மொத்தம் 46 நிமிடம். டூம் என்கிற டேனியல் டுமிலே லண்டனில் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். மேட்லிப் என்கிற ஓடிஸ் ஜாக்சன் ஜூனியர் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டுக்காரர். இரண்டு பேரும் ஒரு நிலவறைக்குள் மாதக்கணக்கில் தோளோடு தோள் உட்கார்ந்து செய்த ஆல்பம் இது. சேர்ந்து என்றால் இதைவிடச் சேர்ந்து எப்படி?

மார்ச் 3, காலை 7.15

நேற்றுக் கடைசியில் எழுதியது தப்பு. ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் அவசரமாக எழுதினால் இப்படித்தான்.

தோளோடு தோள் எல்லாம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மவுண்ட் வாஷிங்டன் என்ற குன்றுப் பகுதியில் ஸ்டோன்ஸ் த்ரோ ஆட்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் பனிப்போர்க் காலத்துப் பதுங்கறை ஒன்று இருந்தது, குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய கான்கிரீட் அறை. மேட்லிப் அதைத்தான் ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். டூம் பெரும்பாலும் மேலே, வெளித்திண்ணையில். கீழே பீட் பிறக்கும், சீடியில் ஏறி மேலே வரும், டூம் அதைப் போட்டுக் கேட்டு எழுதுவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளக்கூட இல்லை என்பதுதான் கூட இருந்தவர்கள் சொல்வது. குடி, புகை, தாய்லாந்துச் சாப்பாடு, வேலை. அவ்வளவுதான்.

ஆக, கேள்வி கேட்டவர் பாதி ஜெயித்துவிட்டார். நான்தான் அவருக்குப் புள்ளி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 3, மதியம்

அந்த நிறுவனத்தை 1996-இல் தொடங்கியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பீனட் பட்டர் வுல்ஃப். தமிழில் வேர்க்கடலை வெண்ணெய் ஓநாய். சம்பந்தமில்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 5, இரவு

“சந்திக்காமலே எப்படி ஒப்பந்தம் போட்டார்கள்?” என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர்.

அது தனிக் கூத்து. யாரோடு சேர்ந்து வேலை செய்ய ஆசை என்று பேட்டியில் கேட்டதற்கு மேட்லிப் சொன்னது இரண்டு பெயர்: ஜே டில்லா என்ற புரொட்யூசர், டூம். டில்லாவோடு செய்த ‘சாம்பியன் சவுண்ட்’ 2003-இல் வந்துவிட்டது. டூமைத் தேடிப் பிடிக்க ஆள் விட்டார்கள். அவர் தரப்பிலிருந்து வந்த நிபந்தனை: விமான டிக்கெட், கூடவே 1,500 டாலர். டிக்கெட் போட்டார்கள். மிச்சப் பணம் கையில் இல்லை. டூம் வந்து இறங்கியதும் அவரை நேரே மேட்லிப்பிடம் அனுப்பிவிட்டு, பணம் கேட்ட மேனேஜரை நிறுவனத்தின் ஈகான் பேச்சுக் கொடுத்தே நிறுத்திவைத்திருந்தார். பேச்சு முடிவதற்குள் அங்கே வேலை ஆரம்பித்துவிட்டது. ஒப்பந்தத்தை எழுதியது பேப்பர் தட்டில். நாம் விசேஷத்தில் கேசரி வைத்து நீட்டுவோமே, அதே தட்டு.

எனக்கு இது வெறும் வேடிக்கையாகப் படவில்லை. பணம் பேசி முடிக்கும்முன் வேலையில் இறங்கிய ஆள், வேலைக்காக வந்திருக்கிறார். டப்பிங்கில் நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன். பேட்டா கைக்கு வராமல் ஒருவரும் மைக் பக்கம் நகர மாட்டார்கள். நானும்தான்.

மார்ச் 6, மாலை

பல்லவி இல்லை என்ற புகாருக்கு வருகிறேன்.

‘அக்கார்டியன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஓடாது. ஒரு அக்கார்டியன் மூச்சு விடுகிறது, இழுக்கிறது, மறுபடி மூச்சு விடுகிறது. முதலிலிருந்து முடிவுவரை அதுதான். பல்லவி வந்தால் என்ன ஆகியிருக்கும்? பீட் மாற வேண்டும், இரண்டாவது கருவி நுழைய வேண்டும், அந்த மூச்சு அறுந்திருக்கும். திரும்பத் திரும்ப வந்து மனசில் உட்காரும் வேலையைச் சாதாரணமாகப் பல்லவி செய்யும். இங்கே அதை அக்கார்டியனே செய்துவிடுகிறது. டூமுக்கு வேலை முழுக்கச் சரணம்தான். பல்லவி எழுத வேண்டாம் என்று முடிவெடுக்க அவர் கீழே உள்ள ஆளை முழுசாக நம்பியிருக்க வேண்டும்.

ஏதோ அறுபதுகளின் பிரெஞ்சு இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்று நினைக்கிறேன். கேட்கும்போது பாரிஸ் காபிக்கடை வாசனை அடிக்கிறது.

மார்ச் 6, இரவு

பாரிசும் இல்லை, காபிக்கடையும் இல்லை. டேடலஸ் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்கலைஞரின் ‘எக்ஸ்பீரியன்ஸ்’, 2002. மேட்வில்லனி வந்தபோது அது இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்து ஊர்க்காரர் இசையைத் தூசி தட்டாமலே எடுத்திருக்கிறார், எனக்கு அதில் அறுபது வருஷத் தூசி தெரிந்திருக்கிறது. மேட்லிப் எதைத் தொட்டாலும் பழசாகிவிடும், அதுதான் அந்த ஆளின் கைராசி.

மார்ச் 9, இரவு 10.20

கருவிகள் பற்றிக் கேட்டவருக்கு. நான் வாங்க ஆசைப்பட்டு வாங்காமல் விட்ட ஒன்று இது என்பதால் கொஞ்சம் நீளும்.

2002-இல் மேட்லிப் பிரேசில் போனார். போன இடத்தில் கடை கடையாக இசைத்தட்டு அள்ளினார். சாவ் பாவ்லோ ஹோட்டல் அறையில் ஒரு கையடக்க டர்ன்டேபிள், ஒரு கேசட் டெக், ஒலித்துண்டைப் பிடித்து ஓடவிடும் பாஸ் எஸ்பி-303 சாம்ப்ளர் ஒன்று, இவ்வளவுதான் கூடம். ‘ஸ்ட்ரேஞ்ச் வேஸ்’, ‘ரெய்ட்’, ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’ மூன்றுக்கும் பீட் அந்த அறையில் பிறந்ததுதான். எஸ்பி-303 டிபன் டப்பா அளவு இருக்கும். எட்டு ரப்பர் பட்டை, சில குமிழ். அதில் வினைல் சிம் என்று ஒரு விளைவு உண்டு, ஒலியை அமுக்கி, தேய்ந்த தட்டு மாதிரி ஆக்கிவிடும். இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு மென்பொருள் விற்கிறார்கள் அந்த ஒரு குமிழைப் போலி செய்ய.

‘ரெய்ட்’ முதல் சில நொடியில் பியானோ உருளும் பாருங்கள், அது ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸின் ‘நார்டிஸ்’. அது முடிந்ததும் ஓஸ்மார் மிலிட்டோவின் பிரேசில் பாட்டிலிருந்து ஒரு துண்டு வந்து குந்துகிறது. இரண்டுக்கும் ஊரும் வேறு, தாளமும் வேறு. ஒட்டிய தையல் தெரிகிறது. அதை மறைக்க அவர் மெனக்கெடவே இல்லை. ‘ஸ்ட்ரேஞ்ச் வேஸ்’ஸில் இருப்பது ஜென்டில் ஜயன்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு. ‘கர்ல்ஸ்’ஸில் வால்டிர் கல்மோன், மறுபடி பிரேசில். ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’க்கு பிரேசில் பாடகி மரியா பெத்தானியா.

வெட்டி ஓடவிடுகிறார் என்கிறீர்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்பதுதானே வித்தை. டப்பிங்கில் படத்தைத் துண்டு துண்டாக ஓடவிட்டுப் பேசுவோம், அந்தத் துண்டுக்கு நாங்கள் சொல்லும் பேரும் லூப்தான். லூப்பை எங்கே ஆரம்பிக்கிறீர்கள் என்பதில்தான் பேசுகிறவரின் மூச்சு இருக்கிறது. அரை நொடி முன்னால் வைத்தால் நிம்மதியாக உள்ளே வருவார். அரை நொடி தள்ளி வைத்தால் பதறிக்கொண்டு வருவார். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார். எஸ்பி-303 பேரைக் கேட்டிருக்கவே மாட்டார்.

மார்ச் 10, இரவு 9.05

இரண்டு நாளாக இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன். கேள்விக்கு என்னிடம் உள்ள உண்மையான பதில் இதுதான்.

ஆல்பம் வெளிவருவதற்கு ஏறக்குறைய 14 மாதம் முன்னாலேயே அதன் டெமோ திருட்டுப்போய் இணையத்தில் வந்துவிட்டது. முடிக்காத கலவை, முடிக்காத வரிகள். கச்சேரிக்குப் போனால் இன்னும் வெளிவராத பாட்டை ரசிகர்கள் சேர்ந்து சொல்கிற நிலைமை. இருவருக்கும் ஆர்வம் விட்டுப்போனது. மேட்லிப் டில்லாவோடு வேலையில் இறங்கினார். டூம் வேறு இரண்டு பெயரில் இரண்டு ஆல்பம் போட்டார், கிங் கீடோரா, விக்டர் வான், இரண்டும் 2003. மேட்வில்லனி கிடப்பில் போனது.

பிறகு திரும்பி வந்து டூம் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கவில்லை. வரிகளையும் பெரும்பாலும் வைத்துக்கொண்டார். மாற்றியது குரலை. டெமோவில் அவர் துள்ளுகிறார், சுருதி ஒரு படி மேலே, மேடையில் நிற்கிற தோரணை. ஆல்பத்தில் அதே வார்த்தைகள் இறங்கி, மெதுவாகி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காதுக்குள் சொல்கிற மாதிரி வருகின்றன.

முதன்முதலில் நான் கேட்டது டெமோவைத்தான், ஹாஸ்டலில், யாரோ எரித்துக் கொடுத்த சீடியில். ஆல்பம் கைக்கு வந்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஆள் சோர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். கேள்வி கேட்டவரே, நீங்கள் சொன்ன தூக்கக் கலக்கம் இருபது வருஷம் முன்னால் நான் சொன்னது.

டப்பிங் வேலைக்கு வந்த பிறகுதான் காது திரும்பியது. மேட்லிப்பின் லூப்களில் டிரம்ஸ் அடங்கியிருக்கும். நடுவில் எப்போதும் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டிருக்கும், வயலினோ பழைய பாடகியோ அக்கார்டியனோ. மனுஷக் குரல் உட்கார வேண்டிய இடமும் அந்த நடுதான். டெமோவில் டூம் அந்த நடுவோடு மல்லுக்கட்டுகிறார். யார் சத்தம் பெரிசு என்ற போட்டி. ஆல்பத்தில் குரல் கீழே இறங்கி, லூப்புக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறது. மைக்கை நெருங்கி மெதுவாகப் பேசினால் அடிக்குரல் தானாகத் தடிக்கும், எந்தப் பதிவுக்கூடத்துப் பையனும் சொல்வான். டைரக்டர்கள் “கொஞ்சம் இறக்கிப் பேசுங்க” என்பார்களே, அது சுருதியைப் பற்றி மட்டும் அல்ல. பின்னணி இசைக்கு வழி விடுங்கள் என்று அர்த்தம்.

பேசிக்கொள்ளவில்லைதான். ஒரே அறையில் இருக்கவில்லைதான். ஆனால் ஒருவர் செய்ததைக் கேட்டு இன்னொருவர் தன் குரலையே மாற்றிக்கொண்டிருக்கிறார். நீங்கள் தேடுகிற ‘சேர்ந்து’ எனக்கு அங்கேதான் கேட்கிறது.

மார்ச் 10, பின்னிரவு

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. என்னிடமும் ஒரு கசிவுக் கதை இருக்கிறது.

பத்து வருஷம் முன்னால் என் நண்பன் ஒருவன் ராப் எழுதுவான். பீட் நான் செய்தேன். வேலை நேரம் முடிந்து ஸ்டூடியோவிலேயே, ஏசியை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம். ஏசி சத்தம் மைக்கில் விழும். ரஃப் கலவை ஒன்றை நான் பென் டிரைவில் போட்டு இன்னொரு நண்பனிடம் கொடுத்தேன். கொடுத்தது நான். கேட்டுவிட்டுத் திருப்பித் தருவான் என்று. மூன்றாம் நாள் அது வாட்ஸப்பில் எனக்கே வந்தது, “செம பாட்டு, யாருன்னு தெரியல, ஷேர் பண்ணுங்க” என்று.

அவனும் திரும்பப் பாடினான். இறக்கித்தான் பாடினான், இங்கே உள்ள நியாயத்தை எல்லாம் அன்றைக்கே நான் அவனுக்குச் சொன்னேன். சரியாக வரவில்லை. நாலு நாள் முயன்றோம். அப்புறம் அவன் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. பாட்டும் வெளிவரவில்லை. கசிந்ததால் நல்லது நடந்தது என்று நான் இங்கே எழுதிவிட்டேனோ என்று உறுத்துகிறது. டூமுக்கு நடந்தது டூமுக்கு.

மார்ச் 13, மாலை

கொஞ்சம் இலகுவான விஷயம். எதுகை மோனை.

ஒருவர் கேட்டிருக்கிறார், டூமின் வரிகளைத் தமிழ் யாப்போடு ஒப்பிடலாமா என்று. நேராக ஒப்பிட்டால் வழுக்கும். நம் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் உட்காரும். ஆங்கிலத்தின் ரைம் கடைசியில் வரும், அதாவது நம் இயைபு. டூம் செய்வது, அந்த இயைபை ஒரு அசையோடு விடாமல் மூன்று நாலு அசைக்கு நீட்டி, வரியின் நடுவிலும் தூவி, வாக்கியத்தை வரி முடிகிற இடத்தில் முடிக்காமல் அடுத்த வரிக்குள் இழுத்துப் போவது. காது ஒரு இடத்தில் நிறுத்தம் எதிர்பார்க்கும், கருத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ‘மீட் கிரைண்டர்’ கேளுங்கள். பெயருக்கேற்ற பாட்டு, வார்த்தையைக் கொத்துக்கறி போட்டு அரைக்கிறார்.

இன்னொன்று, தன்னைப் பற்றியே படர்க்கையில் பேசுவார். நான் என்று வர வேண்டிய இடத்தில் ‘வில்லன்’ என்று வரும். வில்லன் வந்தான், வில்லன் குடித்தான், வில்லனுக்கு வாடகை பாக்கி. தன் கதையைத் தானே வம்பு பேசுகிற மாதிரி.

‘ஆல் கேப்ஸ்’ பாட்டில், என் பெயரை எழுதினால் அத்தனையும் பெரிய எழுத்தில் எழுது என்று கட்டளை போடுகிறார். அதனால் ஆங்கிலத்தில் எழுதும் ரசிகர்கள் இன்றும் சின்ன எழுத்தில் எழுதுகிறவனைச் சும்மா விடுவதில்லை. தமிழில் பெரிய எழுத்து ஏது? நல்லவேளை, ‘டூ’ நெடில். அதற்குமேல் நம்மால் முடியாது ஐயா, மன்னித்துக்கொள்ளவும்.

மார்ச் 14, காலை

நெடில் ஜோக்குக்கு வந்த பதில்களைப் படித்தேன். ‘டூஉம்’ என்று அளபெடை போடலாம் என்றவருக்கு வணக்கம். தோற்றேன்.

மார்ச் 14, இரவு

முகமூடி பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஆச்சரியம்தான்.

டூமின் பழைய பெயர் ஜெவ் லவ் எக்ஸ், முகமூடி இல்லாத காலம். தம்பி சப்ராக்கோடு கேஎம்டி என்ற குழு. 1993-இல் தம்பி கார் மோதி இறந்தார். அதற்குப் பிறகு இவர் தனியாக முடித்த ஆல்பத்தை நிறுவனம் அட்டைப்படத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டது. சில வருஷம் ஆள் எங்கே என்றே தெரியவில்லை. திரும்பி வந்தது காமிக்ஸ் வில்லன் டாக்டர் டூமின் சாயலில் உலோக முகமூடியோடு, 1999-இல் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’.

மேட்லிப்புக்கும் ஒரு முகமூடி உண்டு, குரலில். குவாசிமோட்டோ. டேப்பை மெதுவாக ஓடவிட்டுப் பேசிப் பதிவு செய்து, அப்புறம் வேகத்தைக் கூட்டினால் சின்னப் பிள்ளை கார்ட்டூன் குரல் வரும். அந்தக் குரல் இந்த ஆல்பத்திலும் வந்து போகிறது. ‘ஷேடோஸ் ஆஃப் டுமாரோ’வில் டூமே இல்லை. ஆகவே “ஒருவர் பீட், ஒருவர் பேச்சு” என்ற பிரிவும் முழுக்கச் சரியில்லை, கேள்விக்காரரே.

இதில் எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு ‘ஃபேன்சி கிளவுன்’. டூம் இங்கே விக்டர் வானாக வருகிறார். காதலி தன்னை ஏமாற்றுகிறாள் என்று ஃபோனில் குமுறுகிறார். யாரோடு? டூமோடு. அதாவது அவரே அவருக்குப் போட்டி, தன்னையே திட்டித் தீர்க்கிறார். பின்னால் இசட் இசட் ஹில் என்ற பழைய சோல் பாடகர் உருகிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆளே புருஷன், ஒரு ஆளே கள்ளக் காதலன், நடுவில் அழுவதற்கு இன்னொருவர். இரட்டை வேடப் படம் பார்த்தே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் மேடைக்குத் தனக்குப் பதிலாக முகமூடி போட்ட வேறு ஆளை அனுப்பிய கதையும் உண்டு. காசு கொடுத்துப் போனவர்கள் கொதித்தார்கள். நான் போயிருந்தால் நானும் கொதித்திருப்பேன். அதை ரசிப்பது போகாதவனுக்கு எளிது.

மார்ச் 20, இரவு

ஒரு வாரம் வேலை நெருக்கடி. சீரியல் ஒன்று, நாள் ஒன்றுக்கு இரண்டு எபிசோட். இடைவெளியில் ஆல்பத்தை மறுபடி முழுசாகக் கேட்டேன், குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு.

கண்டுபிடித்தேன். 22-இல் சில துண்டுகள் எனக்கும் பாட்டாக நிற்கவில்லை. ‘பிஸ்ட்ரோ’ ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், ஹோட்டலுக்கு வரவேற்கிற பேச்சு. ‘டூ நாட் ஃபயர்!’ வீடியோ கேம் சத்தத்தோடு ஓடுகிற இடைச்செருகல். ‘ஹார்ட்கோர் ஹஸ்ல்’ வரும்போது இன்றும் தள்ளிவிடுகிறேன், டூம் இல்லாததால் மட்டும் அல்ல. ‘பாட்டு சூடு பிடிப்பதற்குள் முடிகிறது’ என்ற புகாரை முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் ‘ஃபிகாரோ’ போல இன்னும் அரை நிமிடம் ஓடினால் நன்றாக இருக்குமே என்று ஏங்க வைப்பது இதே சுருக்கம்தான். ஏக்கத்துக்காகவே திரும்பப் போடுகிறேன். வயிறு நிறைந்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

மேட்லிப் பிறகு ராப் பாடகர் ஃப்ரெட்டி கிப்ஸோடு செய்த ‘பின்யாட்டா’வையும் (2014) ‘பண்டானா’வையும் (2019) ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருந்தார். பண்டானாவின் பீட்களை ஐபேடில் செய்ததாக மேட்லிப் சொன்னார், எஸ்பி-303 மேல் நான் வைத்திருந்த பக்திக்கு அது ஒரு அடி. கிப்ஸ் வேறு மாதிரி. பீட் எங்கே போனாலும் விரட்டிப் பிடிக்கிறார், ஒரு மல்லர் மாதிரி. கேட்கப் பிரமாதம். ஆனால் இறங்கி வழி விடுவதில்லை, விட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எது மேல் என்று கேட்டால், வண்டி ஓட்டும்போது பின்யாட்டா. ராத்திரி வேலை முடிந்து, கன்சோலை அணைத்து, காதில் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றும்போது மேட்வில்லனி.

மார்ச் 23

இன்று ஆல்பத்துக்குப் பிறந்தநாள்.

வந்த போது அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 179-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இன்று அந்த அட்டை முகத்தைத் தெரியாத இளவட்டம் இல்லை: சாம்பல் நிறத்தில் முகமூடி, ஒரு மூலையில் சின்ன ஆரஞ்சுக் கட்டம். அட்டையை வடிவமைத்த ஜெஃப் ஜாங்க் மனசில் வைத்திருந்தவற்றில் ஒன்று மடோனாவின் முதல் ஆல்பத்து அட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும், அப்புறம் சிரிப்பு நிற்கும்.

போன வருஷம் இதை எல்பியாக ஆர்டர் செய்தேன், ஆன்லைன் கடை ஒன்றில். வந்தது திருட்டுப் பதிப்பு. ஆரஞ்சுக் கட்டம் ஆரஞ்சாக இல்லை, கத்தரிக்காய் நிறம். தட்டைச் சுழலவிட்டால் நான்காவது பாட்டில் ஊசி குதிக்கிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். திருட்டில் கசிந்த ஆல்பத்தின் திருட்டுப் பதிப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன்.

டூம் இறந்தது 2020 அக்டோபர் 31. உலகத்துக்குத் தெரிந்தது டிசம்பர் 31, மனைவி அறிவித்தபோது. இரண்டு மாதம், முகமூடிக்காரர் இல்லாத உலகம் அவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்தது. புத்தாண்டு ராத்திரி, கீழே தெருவில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், நான் ஃபோனில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இதுவும் ஏதோ பதிலாள் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

மார்ச் 24, மதியம்

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: டெமோவையும் ஆல்பத்தையும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேட்டாராம். “குரல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், பல்லவி விஷயம் ஒப்புக்கொள்ள மாட்டேன்” என்கிறார். சரி.

மார்ச் 24, இரவு 11.50

அந்த ராப் நண்பன் ஃபோன் செய்தான். யாரோ இதையெல்லாம் அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸப்பில்தான், வேறெப்படி.

“ஏன்டா மாப்ள, பத்து வருஷமா இத மனசுல வச்சிருந்தியா? லீக் ஆனதால நான் விடலடா. பாட்டே சுமார். ரெண்டாவது தடவ மெதுவாப் பாடுனப்பதான் எனக்கே வரியெல்லாம் ஒழுங்காக் காதுல விழுந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பீட்டும் சுமாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பீட்டு பரவால்ல” என்றான்.

அந்த ரஃப் கலவை இருந்தால் அனுப்பு என்றான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அனுப்ப மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.